மகள் ஆவி துப்பு சொன்னது!

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாநிலம். அங்கே கிரீன்பிரையர் என்ற மலைப் பகுதியில், 1897-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, சோனா என்ற இளம்பெண் வீட்டில் பிணமாகக் கிடந்தாள்.

கல்யாணம் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கணவன் எட்வர்டு ஒரு கொல்லன். சோனா அவனுக்கு மூன்றாவது மனைவி!

டாக்டர் வருமுன்பே அவன் பிணத்துக்கு உடை மாற்றிவிட்டான். கழுத்தை மறைத்து உயரமான காலர்! டாக்டர் அதைத் தொடப்போனதும் சீறினான். அவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிணம் புதைக்கப்பட்டது.

பெற்ற வயிறு கேட்குமா? தாய் மேரி ஜேன் அழுதபடியே இருந்தாள்.

நாலு இரவு மகள் ஆவியாக வந்தாளாம். இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சி சமைக்கவில்லை என்று கணவன் தன் கழுத்தை முறித்துவிட்டதாகச் சொன்னாளாம்.

தாய் அரசாங்க வக்கீலிடம் ஓடினாள். அவர் பேயை நம்பினாரோ இல்லையோ, டாக்டரை விசாரித்தார். பிப்ரவரி 22-ந் தேதி பிணம் தோண்டப்பட்டது.

கழுத்து எலும்பு முறிந்திருந்தது! தொண்டையில் விரல் தடங்கள்!

கோர்ட்டில் அரசாங்க வக்கீல் ஆவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிரியின் வக்கீல்தான், "கண்டது கனவுதானே?" என்று தாயைக் குடைந்தார். விழித்திருந்தே பார்த்ததாக அவள் அடித்துச் சொன்னாள்.

எட்வர்டுக்கு ஆயுள் தண்டனை. 1900-ல் சிறையிலேயே செத்தான்.

மேரி ஜேன் 1916 வரை வாழ்ந்தாள். சொன்ன சொல்லை மாற்றவே இல்லை.