இரண்டு மரணச் சான்றிதழ்கள்

இறந்தவர் மீண்டார் என்னுஞ் செய்தி நம்மவர்க்குப் புதிதன்று. அரவு தீண்டி மாண்ட அப்பூதியடிகளின் மைந்தனை நாவுக்கரசர் எழுப்பிய வரலாற்றையும், மயிலாப்பூரிற் பூம்பாவை உயிர்பெற்றெழுந்த வரலாற்றையும் சமயபாட வகுப்பில் மனனஞ் செய்து வளர்ந்தவர்கள் நாம். அடியார் வரலாறுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் வாழ வந்த இந்நாட்டிலே, வைத்தியர்களும் நீதிமன்றங்களும் நாலரை ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு சிறுமியின் கதையையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கலிபோர்னியாவின் ஒக்லாண்ட் நகரைச் சேர்ந்த ஜஹி மக்மத் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயைத் தீர்ப்பதற்காக, 2013 டிசம்பர் 9ஆந் திகதி அந்நகரின் சிறுவர் வைத்தியசாலையில் ரொன்சில் உள்ளிட்ட தசைகளை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. பின்னர் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டு இதயம் நின்றது. இதயத்தை மீள இயக்கினார்கள். மூளையை மீட்க இயலவில்லை. 12ஆந் திகதி மூளைச்சாவு என அறிவித்தார்கள்.

குடும்பம் அதனை ஏற்க மறுத்தது. பிள்ளையின் உடலிலே சூடு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. தாம் கறுப்பினத்தவர் என்பதனாலேயே தம் சொல் எடுபடவில்லை என்றுந் தாய் கருதினார். அதிகாரத்தில் இருப்போர் கையொப்பமிட்டுத் தரும் கடதாசியை ஐயத்தோடு நோக்கிப் பழகிய நாம், அத்தாயை அறியாமையுடையவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

வழக்கு நீதிமன்றஞ் சென்றது. நீதிமன்றம் நியமித்த ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துச் சிறுவர் நரம்பியல் நிபுணரும் சோதித்து, மூளைச்சாவே என்றார். டிசம்பர் 24ஆந் திகதி நீதிபதியும் சட்டப்படி அவள் இறந்துவிட்டாள் எனத் தீர்ப்பளித்தார். மரணச் சான்றிதழ் வழங்கப்பட்டது. 2014 ஜனவரி 5ஆந் திகதி சிறுமியின் உடல், சுவாச இயந்திரத்தோடு, தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் அவளை விமானத்தில் நியூ ஜேர்சிக்குக் கொண்டு சென்றார்.

ஏன் நியூ ஜேர்சி? 1991இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, மூளைச்சாவை மரணமாகக் கொள்வது ஒருவரின் மத நம்பிக்கைக்கு மாறானதாயின், இதயமும் மூச்சும் நிற்கும்வரை அவரை இறந்தவராக அறிவித்தலாகாது. ஆகவே கலிபோர்னியாவில் இறந்தவளாயிருந்த சிறுமி, நியூ ஜேர்சி மண்ணிலே உயிருள்ள நோயாளியானாள். சில மணிநேர விமானப் பயணத்தில் நிகழ்ந்த உயிர்த்தெழுதல் இது!

இவ்விடத்தில் மூளைச்சாவு எப்படித் தீர்மானிக்கப்படுகின்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உடற்குளிர்ச்சியோ மயக்க மருந்தோ நஞ்சோ காரணமல்ல என்பது முதலில் உறுதிசெய்யப்படும். பின்னர் கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதினுட் குளிர்நீர் விட்டால் விழிகள் அசைகின்றனவா, தொண்டையைத் தீண்டினால் இருமல் எழுகிறதா என்று பார்ப்பார்கள். இறுதியாக, இயந்திரத்தின் மூச்சை நிறுத்தி, இரத்தத்திற் கரியமிலவாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று காத்திருப்பார்கள். எதுவும் இல்லையெனின் மூளைச்சாவு. ஆனால் இதயத்துக்குத் தன்னைத் தானே இயக்கும் ஆற்றல் உண்டு; இயந்திரம் பிராணவாயுவைக் கொடுக்கும்வரை அது துடிக்கும். முள்ளந்தண்டு மாத்திரம் இயங்குவதால், மூளைச்சாவு அடைந்தவர் சில வேளைகளிற் கையைத் தூக்கி மார்பில் வைப்பதுமுண்டு. அருகிலிருந்து அதைக் காணும் தாயொருத்தி என்ன நினைப்பாள் என்பதைச் சொல்ல வேண்டுமா?

நியூ ஜேர்சியில் வைத்தியர்கள் எதிர்பாராத சிலவும் நடந்தன. மூளைச்சாவுக்குப் பின் உடல் பெரும்பாலும் நெடுநாள் தாங்குவதில்லை. ஜஹியோ வளர்ந்தாள், பூப்பெய்தினாள். சொன்னபடி கையையும் காலையும் அசைக்கிறாள் என்று குடும்பம் ஒளிப்பதிவுகளை எடுத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஓய்வுபெற்ற நரம்பியல் பேராசிரியர் அலன் ஷியூமன் அவற்றை ஆராய்ந்து, அவள் சில வேளைகளில் ஏவலுக்கு இணங்குகிறாள், அவளை மூளைச்சாவு அடைந்தவளாகக் கொள்ள இயலாது என்றார். 2014இல் எடுக்கப்பட்ட மூளைப்படமும் மூளையின் கட்டமைப்பு முற்றாக அழிந்துவிடவில்லை எனக் காட்டியதாகச் சொன்னார். ஆனால் அவர் நேரிற் சென்று பார்த்தபோது சிறுமி ஏவலுக்கு அசையவில்லை. மேலே கூறிய முழுச் சோதனையும் அதன்பின் மீண்டும் நடத்தப்படவுமில்லை. எனவே மீண்டாள் என்ற கூற்று நிறுவப்படவில்லை. அவ்வாறே, 2013இன் சோதனையை மாத்திரங் காட்டி அதனை மறுத்துவிடவும் முடியவில்லை. 2017இல் கலிபோர்னிய நீதிபதியொருவரும், அவள் உயிருடன் இருக்கிறாளா என்பது விசாரிக்கப்படவேண்டிய வினாவே என்றார். அவ்விசாரணை முடிவு காணுமுன், 2018 யூன் 22ஆந் திகதி, ஈரல் பாதிப்பினால் ஏற்பட்ட இரத்தப்போக்கில் ஜஹி நியூ ஜேர்சியிற் காலமானாள். அம்மாநிலமும் ஒரு மரணச் சான்றிதழ் வழங்கியது. ஒருத்திக்கு இரு சான்றிதழ்கள். இடையே நாலரை ஆண்டுகள்.

அதே குளிர்காலத்தில் ரெக்சாஸில் இதன் மறுதலை நடந்தது. போர்ட் வேர்த் நகரில், 2013 நவம்பரில் மார்லிஸ் முன்யோஸ் என்னும் கர்ப்பிணிப்பெண் மூளைச்சாவு அடைந்தார். இறந்தவரை விட்டுவிடுங்கள் என்று கணவர் இரந்தார். கர்ப்பிணியின் சிகிச்சையை நிறுத்தலாகாது என்னும் மாநிலச் சட்டத்தைக் காட்டி வைத்தியசாலை மறுத்தது. அச்சட்டம் இறந்தவருக்குப் பொருந்தாது என்று 2014 ஜனவரியில் நீதிபதி சொன்ன பின்னரே இயந்திரம் நிறுத்தப்பட்டது.

நெஞ்சை அமுக்கி மீட்கும் முயற்சியைக் கைவிட்ட பின்னர் இதயம் தானாகத் துடித்த நிகழ்வுகளும் 1982 முதல் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. மிக அரிதான அவை பெரும்பாலும் முதற் பத்து நிமிடங்களுள் நிகழ்ந்தவை; அதனாலேயே உடனே மரணத்தை அறிவிக்காது சற்றுப் பொறுக்கும்படி வைத்தியர்களுக்குச் சொல்லப்படுகிறது.

நம் குடும்பங்களில் இவ்விடயம் இருமடங்கு கனக்கிறது. 'மூளைச்சாவு' என்றால் மயக்கநிலை என்று பொருள்கொண்டு, அம்மா விழிப்பார் என்று காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல; நீடித்த மயக்கத்திலிருந்து மீண்டவர் உண்டு, முறைப்படி சோதித்து உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து முழு நினைவோடு மீண்டவர் எவருமில்லை. அரச நிதி பெறும் வைத்தியசாலைகள், ஆங்கிலம் அறியாதார்க்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஒழுங்குசெய்யக் கடமைப்பட்டவை. பள்ளி செல்லும் பேரப்பிள்ளையிடம் அப்பணியை ஒப்படைக்க வேண்டாம். எந்தச் சோதனைகள், எத்தனை முறை, யார் செய்தார் என்று கேளுங்கள். வேறொரு நிபுணரின் கருத்தையுங் கோரலாம்.

இன்னொன்று. ஊரிலே உடலைக் காணாமலே மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்கப்பட்ட தாய்மார் நம்மிடையே உள்ளனர். 2016இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உரைக்கும் சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. அதையும் வாங்க மறுத்து வீதியில் அமர்ந்தவர்கள் உள்ளனர். அவர்கள் கேட்பதும், ஒக்லாண்ட் தாயைப் போல, தம் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைத்தான்.