கேட் முதல் அட்மிஷன் வரை: மனம் ஏன் இப்படி அல்லாடுகிறது?

ஐஐஎம்-இல் எம்பிஏ படிப்பது என்று முடிவெடுத்த ஒருவர் ஆகஸ்டில் கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார். கடைசி காத்திருப்போர் பட்டியல் நகர்ந்து முடியும்போது அடுத்த ஜூன் வந்துவிடுகிறது. இதில் தேர்வு நடப்பது இரண்டே மணி நேரம். மற்றதெல்லாம் தயாரிப்பும் காத்திருப்பும்தான். ஒரு வாரம் தலைகால் புரியாத சந்தோஷம், மறுவாரம் யாரிடமும் பேசப் பிடிக்காத சோர்வு. பல பிள்ளைகள் இதைத் தங்கள் மன உறுதியின் குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் குறை இல்லை. நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுக்கிற முறை இது. எந்தக் கட்டத்தில் எது, எதற்காக நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வலி முழுக்கப் போகாது. தேவையில்லாமல் படுகிற வலி நிச்சயம் குறையும்.

முதல் ஆட்டம் மாக், அதாவது மாதிரித் தேர்வுகளில் தொடங்கும். இந்த வாரம் 94 பெர்சன்டைல், அடுத்த வாரம் 81. ஏழு நாளில் யாருக்கும் அறிவு குறைந்துவிடாது. ஒவ்வொரு மாக்கும் ஒவ்வொரு அளவு கடினம். அதை எழுதுகிறவர்களும் பணம் கட்டிப் பயிற்சி எடுக்கிற தீவிரமான கூட்டம். அதனால் ஒற்றை மாக்கின் எண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுவதிலும் குதிப்பதிலும் அர்த்தமில்லை. நான்கைந்து மாக்குகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் எதில் பலவீனம் என்று பிடிபடும்.

தேர்வு பெரும்பாலும் நவம்பரின் கடைசி ஞாயிறு, ஒரே நாளில் மூன்று வேளைகளாக நடக்கிறது. அதில் மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பு, தரவும் தர்க்கமும், கணிதம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்ததும் கணினியே அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்விடும், திரும்பி வர முடியாது. பிள்ளைகள் அதிகம் உடைந்துபோகும் இடம் நடுவிலுள்ள தரவுப் பகுதி. அங்கே கேள்விகள் தனித்தனியாக வராது, கொத்தாக வரும். ஒரு கொத்தை எடுத்து அட்டவணை போட்டு, பத்து பன்னிரண்டு நிமிடம் போராடிய பிறகு, நடுவில் ஒரு நிபந்தனையைத் தவறாகப் படித்திருப்பது தெரியவரும். அந்த நிமிடத்தில் உள்ளங்கை வியர்க்கும், திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் மட்டும்தான் கண்ணில் படும். அடுத்து கணிதம் திறக்கும்போது, நன்றாகத் தெரிந்த கணக்கே புதிதாகத் தோன்றும். தரவுப் பகுதி கெட்டதால் கணிதம் கெட்டது என்பது பலருடைய கதை. இதற்கு முன்கூட்டியே ஒரு பழக்கம் வேண்டும்: பகுதி மாறும்போது அரை நிமிடம் கண்ணை மூடி மூச்சை நிதானப்படுத்திவிட்டு முதல் கேள்வியைத் தொடுவது. மாக் எழுதும்போதே இதைப் பழக வேண்டும். தேர்வன்று புதிதாகச் செய்ய வராது.

தேர்வறையை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலானோர் ‘சொதப்பிட்டேன்’ என்றுதான் நினைக்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் வினாத்தாள் முழுவதையும் எழுதிப் பழகியவர்களுக்கு, பாதிக் கேள்விகளைத் தொடாமல் வருவது தோல்வி மாதிரிதான் இருக்கும். கேட் அப்படிப்பட்ட தேர்வே அல்ல. 2024-இல் 68 கேள்விகள், 204 மதிப்பெண். சரியான விடைக்கு மூன்று, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் ஒன்று கழியும். அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியை எட்டாதவர்களும் 99 பெர்சன்டைல் வாங்கியிருக்கிறார்கள். எத்தனை கேள்வியை விட்டோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் ஒரு தகவலும் இல்லை.

பெர்சன்டைல் என்பது மார்க் அல்ல. நம் வீடுகளில் ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி இதனால்தான். “தொண்ணூறு வாங்கியிருக்கியே, அப்புறம் ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று அப்பா கேட்பார். அவருக்குத் தெரிந்த தொண்ணூறு பிளஸ் டூ தொண்ணூறு. கேட்-இல் அது, எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கு. 2024-இல் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 90 பெர்சன்டைல் என்றால் முன்னால் சுமார் 29,000 பேர். 95 என்றால் சுமார் 14,600. 99 என்றாலும் 2,900 பேர். ஒவ்வொரு பெர்சன்டைல் புள்ளிக்குள்ளும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி தவறினாலும் பல நூறு இடம் கீழே போகலாம். அப்பாவுக்கு இந்தக் கணக்கை முடிவு வருவதற்கு முன்பே ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. முடிவு வந்த அன்று சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

டிசம்பர் கடைசி வாக்கில் முடிவு வந்ததும் அடுத்த அடி விழும். அதுதான் கால், அதாவது நேர்காணலுக்கான அழைப்பு. 98 வாங்கியவருக்கு அழைப்பு வராது, 96 வாங்கிய நண்பருக்கு வந்திருக்கும். ‘எங்கேயோ தப்பு நடந்திருக்கு’ என்று தோன்றும். பெரும்பாலும் எங்கும் தப்பு நடந்திருக்காது. முதலில், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச பெர்சன்டைல் கேட்கிறார்கள். மொத்தம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரு பகுதி கீழே போனால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். அடுத்து, பழைய மதிப்பெண்கள். ஐஐஎம் அகமதாபாத்தும் பெங்களூரும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றையும் கணக்கில் எடுக்கின்றன. வேலை அனுபவத்துக்கும் எடை உண்டு. வகுப்பில் எல்லோரும் பொறியியல் படித்த ஆண்களாகவே நிறைந்துவிடக் கூடாது என்று பெண்களுக்கும் பிற துறைப் பட்டதாரிகளுக்கும் பல நிறுவனங்கள் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. அது தேவையான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே இரவு இரண்டு மணி வரை படித்த பையனுக்கு அந்த நியாயம் அன்று மனதில் ஏறாது. அவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு: உன் பதினைந்து வயது மதிப்பெண்ணை இருபத்தி நான்கு வயதில் உன்னால் மாற்ற முடியாது, மாற்ற முடியாததற்காக உன்னைத் திட்டிக்கொள்ளாதே. இதில் தமிழ்நாட்டில் 2021-இல் பிளஸ் டூ முடித்தவர்களின் நிலை இன்னும் விசித்திரம். கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். எழுதாத தேர்வின் எண் அவர்கள் விண்ணப்பத்தில் நிற்கிறது.

அதனால் விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் தேர்வுமுறையை இணையத்தில் வெளியிடுகிறது. அதை எடுத்து, உங்கள் பத்து, பன்னிரண்டு, பட்ட மதிப்பெண்களைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கதவு உங்களுக்கு அகலமாகத் திறக்கும், எது அநேகமாகத் திறக்காது என்று ஆகஸ்டிலேயே தெரிந்துவிடும். ஜனவரியில் அதிர்ச்சியாகத் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல். புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து நடத்தும் பொதுச் சேர்க்கை முறையையும் பாருங்கள். ஒரே நேர்காணல் பல நிறுவனங்களுக்கும் செல்லும். அகமதாபாத் இல்லையென்றால் வேண்டாம் என்று இருப்பவர்கள், 2011-இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்-ஐப் பற்றி ஒருமுறையாவது விசாரித்துவிட்டு அப்படி முடிவெடுக்கலாம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளை வேறு விதமாகக் கலங்க வைக்கும் விஷயம் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. மத்திய அரசு நிறுவனமான ஐஐஎம்-இல் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால் அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதைக் கேட்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். விண்ணப்பக் காலம் முடிந்த பிறகு பிரிவை மாற்ற முடியாது. செப்டம்பரில் கடைசி நாளன்று இ-சேவை வாசலில் நிற்கிற பதற்றத்துக்கும் அறிவுத்திறனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜூனிலேயே சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தப் பதற்றமே இல்லை.

நேர்காணல் இரண்டு மூன்று பேராசிரியர்கள் முன்னால், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சில இடங்களில் அதற்கு முன் ஒரு சிறு கட்டுரையும் எழுத வேண்டும். ஏன் எம்பிஏ, என்ன வேலை பார்க்கிறாய், பட்டப்படிப்பில் பிடித்த பாடம் எது, உன் ஊர் எது என்று போகும். மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனவரிடம் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கேட்பார்கள். கரூர் என்றால் ஜவுளி ஏற்றுமதி, சிவகாசி என்றால் பட்டாசுத் தொழில் பற்றிக் கேட்க வாய்ப்புண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பற்றிய பயம் பெரிதாக இருக்கும். சரளம் இல்லாவிட்டாலும் தெளிவு இருந்தால் போதும். “எனக்குத் தெரியவில்லை சார்” என்று நேராகச் சொல்பவரை யாரும் தண்டிப்பதில்லை. தெரிந்த மாதிரி சுற்றி வளைத்தால்தான் அடுத்த கேள்வியில் பிடிப்பார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் கொடுமை. அவர் ஏன் சிரிக்கவில்லை, இவர் ஏன் நடுவில் பேப்பரைப் புரட்டினார் என்று வாரக்கணக்கில் மனம் அந்தக் கால் மணி நேரத்தையே ஓட்டிப் பார்க்கும். குழு சிரித்துப் பேசியும் கிடைக்காதவர் உண்டு, முகம் கொடுக்காமல் வறுத்தெடுத்தும் கிடைத்தவர் உண்டு. இறுதிப் பட்டியலில் நேர்காணல் ஒரு பங்குதான். கேட் மதிப்பெண், பழைய மதிப்பெண்கள், கட்டுரை, வேலை அனுபவம் எல்லாம் சேர்ந்துதான் கடைசி எண். பேராசிரியரின் முகத்திலிருந்து அதைப் படிக்க முடியாது. டெலிகிராம் குழுக்களில் ‘கன்வெர்ட் ஆச்சா?’ (இடம் கிடைத்ததா?) என்று இரவும் பகலும் ஓடும் பேச்சிலிருந்தும் கிடைக்காது. நேர்காணல் முடிந்த அன்றே அந்தக் குழுக்களை மூடிவிடுவதுதான் என் உறுதியான பரிந்துரை. முடிவு உங்கள் மின்னஞ்சலுக்கே வரும்.

காத்திருப்போர் பட்டியல் ஏன் நகர்கிறது என்று தெரிந்தால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுவது சற்று எளிது. மேலே இருக்கும் ஒரே மாணவருக்கு நான்கைந்து இடங்களில் இடம் கிடைக்கும், அவர் சேர்வது ஒன்றில். அவர் விட்ட மற்ற இடங்கள் கீழே இறங்கும். ஆகவே மிகப் பழைய நிறுவனங்களில் பட்டியல் குறைவாகவே நகரும், புதியவற்றில் அதிகம் நகரும். போன ஆண்டுகளில் உங்கள் பிரிவில் எந்த எண் வரை போனது என்று பாருங்கள். உங்கள் எண் அதற்குள் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், மிகத் தள்ளி இருந்தால் கையில் இருக்கும் இடத்தில் மனதை வைப்பது நல்லது. இடத்தைப் பிடித்துவைக்கப் பணம் கட்டும்போது, விலகினால் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் எழுதித் தர வேண்டும் என்று படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் பேசாமலே இந்த ஓட்டத்தில் இறங்குகிறவர்கள் அதிகம். பழைய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. இடம் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள் அம்மாவின் முகத்தில் கவலை தெரிந்தால் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். எஸ்பிஐயின் ஸ்காலர் கடன் போன்ற திட்டங்களில், குறிப்பிட்ட முன்னணி நிறுவனங்களுக்கு அடமானச் சொத்து இல்லாமலே பெரிய தொகை தருகிறார்கள். ஐஐஎம்களும் உதவித்தொகை வைத்திருக்கின்றன. அக்டோபரிலேயே வங்கிக்கு ஒரு நடை போய்க் கேட்டுவைத்தால், மே மாதத்தில் வீட்டில் நிம்மதி இருக்கும்.

கிடைக்காமல் போனால்? எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸ்ஏடி நுழைவுத் தேர்வு ஜனவரியின் முதல் ஞாயிறு. அதற்கான விண்ணப்பம் கேட் முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும், எனவே முடிவைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்றிருந்தால் நேரம் கடந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்வு 2023 முதல் 2025 வரை மார்ச் மாதத்தில் நடந்தது. அதன் வழியாகச் சேரும் கல்லூரிகளின் கட்டணமும் பெரிதாக இருக்காது. மறுபடி கேட் எழுதுவதும் நல்ல வழிதான், ஆனால் எந்தப் பகுதியில் விட்டோம் என்று கைகாட்ட முடிந்தவர்களுக்கு மட்டும். ‘எல்லாரும் எழுதுறாங்க’ என்பதற்காக வேலையை விட்டுவிட்டு இரண்டாம் முறை உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வருமானம் நின்ற வீட்டில் ஒவ்வொரு மாக்கும் இரட்டிப்பாகப் பயமுறுத்தும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து ஜூன் வரை “கால் வந்துச்சா?”, “ரிசல்ட் என்னாச்சு?” என்று கேட்காதீர்கள். வந்தால் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள். கல்யாண வீட்டில் சித்தப்பா, பெரியம்மா யாராவது கேட்டால் நீங்களே முந்திக்கொண்டு பேச்சை மாற்றுங்கள். பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், அறையை விட்டு வராமல் இருந்தால் அதை ‘பரீட்சை டென்ஷன்’ என்று விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. அழைப்பு இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.