ஆயுளைக் கூட்டும் பழக்கங்களும் சட்டம் தரும் துணையும்

ஆயுளை நீட்டும் பழக்கங்களில் புகையிலையை விடுவதற்கு ஈடானவை மிகக் குறைவு. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடையே தொடங்கிய ஆய்வு ஐம்பது ஆண்டுகள் நீண்டது. சிகரெட்டை விடாதவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்பே இறந்தார்கள் என்று 2004-இல் அதன் முடிவு வெளியானது. 30 வயதில் விட்டவர்கள் அந்த இழப்பிலிருந்து ஏறக்குறைய முழுமையாகத் தப்பினார்கள். 40-இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும், 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 60-இல் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகளும் திரும்பக் கிடைத்தன. இத்தனை வருடம் பிடித்தாகிவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்ற பேச்சுக்கு அந்தக் கடைசிக் கணக்கே பதில். வாயில் அடக்கும் புகையிலையில் புகை இல்லை, ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் வாய்ப்புற்றுக்கு அது முக்கியக் காரணம்.

பிடிக்காதவர்களுக்கும் உரிமை உண்டு. 2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. 2008 விதிகளின்படி, உணவகமோ அலுவலகமோ, அறிவிப்புப் பலகையுடன் யாரிடம் புகார் செய்யலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால் அபராதம் அவர் தலையிலும் விழும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.

அடுத்தது ரத்த அழுத்தம். 140/90-ஐத் தாண்டினாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பக்கவாதம் வந்த பிறகே தெரியவரும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பாக்கெட்டில் சோடியம் என்று அச்சிட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதும் அழுத்தத்தைக் குறைக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

நல்ல பழக்கம் வந்துவிட்டதென்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அதற்குத் தூண்டுபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் குற்றமாக்குகிறது. இது சூரணத்துக்கும் லேகியத்துக்கும்கூடப் பொருந்தும். இத்தகைய விளம்பரம் கண்ணில் பட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் நகலையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.