நல்ல கிடா சந்தைக்கு... நோஞ்சான் மந்தைக்கா?

வியாழக்கிழமை என்றால் அய்யலூர் ஆட்டுச்சந்தை அதிகாலையிலேயே களைகட்டிவிடும். திண்டுக்கல் - திருச்சி சாலையில் உள்ள இந்தச் சந்தையில், தீபாவளி நெருங்கினால் கால் வைக்க இடம் இருக்காது. வியாபாரிகளின் கண் முதலில் போவது, வயதுக்கு மீறி வளர்ந்து நிற்கும் இளங்கிடாக்கள் மீதுதான். கைமேல் காசு. வளர்த்தவரும் கொடுத்துவிடுகிறார்.

சிக்கலே அங்கேதான் ஆரம்பம். வேகமாக வளர்ந்த கிடா கறிக்கடைக்குப் போய்விட, விலைபோகாதது மந்தையில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. ஆண்டுதோறும் இப்படியே நடந்தால் குட்டிகளின் வளர்ச்சி குறையத்தானே செய்யும்?

அதற்காக, பெரிய கிடாவெல்லாம் நல்ல பொலிகிடா ஆகிவிடாது. ஒற்றைக் குட்டியாகப் பிறந்து தாய்ப்பால் முழுவதையும் குடித்தது கொழுகொழுவென்று இருக்கும். இரட்டையில் ஒன்றாகப் பிறந்தது சற்று இளைத்திருக்கும். ஆனால், மரபில் அதுவே உசத்தியாக இருக்கலாம். தீவனத்தால் வந்த எடை குட்டிக்குப் போகாது; ரத்தத்தில் வந்ததுதான் போகும். அதைக் கணித்துச் சொல்வதுதான் 'இனவிருத்தி மதிப்பு'.

கணக்கு இதுதான்

ஒரே பருவத்தில் பிறந்து, ஒன்றாக மேய்ந்த குட்டிகளின் சராசரியைவிட ஒரு கிடா ஆறாவது மாதத்தில் 4 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். எடை வித்தியாசத்தில் 30 சதவிகிதம் மரபால் வருவது என்றால், அதன் இனவிருத்தி மதிப்பு 1.2 கிலோ. குட்டிக்குத் தகப்பன் தருவது பாதி. ஆக, குட்டிக்கு 600 கிராம் கூடுதல். இவ்வளவுதானா என்று தோன்றும். 25 குட்டிகளுக்குக் கணக்குப் போட்டால் 15 கிலோ! பெட்டைக் குட்டிகள் அதை அடுத்த தலைமுறைக்கும் கொண்டுபோகும்.

எடை மட்டும் போதுமா?

போதாது. ஆங்கஸ் போன்ற இறைச்சி மாட்டினங்களில் எடையை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தால், கன்றும் பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும். அதனால் வளர்ச்சி, சுலபமான பிரசவம், தாயின் பால் என ஒவ்வொரு குணத்துக்கும் அதன் பண மதிப்புக்கேற்ப மதிப்பெண் கொடுத்து, ஒரே எண்ணாக்கிப் பார்க்கிறார்கள். இதுதான் 'தேர்வுக் குறியீடு'. அமெரிக்காவின் ஹேசல், 1943-ல் இதற்கு வழிவகுத்துக் கொடுத்தார்.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம், குட்டிகளின் எடையைப் பதிவு செய்து, தேறியவற்றையே பொலிகிடாக்களாக வைத்துக்கொள்கிறது.

வீட்டிலேயே செய்யலாம்

* குட்டிக்குக் காதில் எண் வில்லை போட்டு, பிறந்த தேதி, தாய், ஒற்றையா இரட்டையா என நோட்டில் எழுதுங்கள்.
* மூன்றாவது, ஆறாவது மாதங்களில் எடை போடுங்கள்.
* ஒரே பருவத்தில் பிறந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். இரட்டைக் குட்டியை இரட்டையோடு ஒப்பிடுங்கள்.
* மகள்கள் பருவத்துக்கு வருமுன் பொலிகிடாவை மாற்றிவிடுங்கள்.

சந்தைக்கு வண்டி ஏற்றும் முன் அந்த நோட்டைப் புரட்டுங்கள். முதல் இரண்டு இடத்தில் இருக்கும் கிடாக்களுக்கு வியாபாரி என்ன விலை சொன்னாலும், அவை வண்டியில் ஏற வேண்டாம்!