பெயர்கள் கேள்விக்குறிகளான கதை

சான்றிதழ் அச்சிடுவதற்காக, ஏழாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் காலை தொலைபேசி வந்தது. "சார், 38 பேருக்கும் ஒரே பெயரா?" திறந்து பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். மூலக் கோப்பையும் அதன்மேலேயே சேமித்துவிட்டிருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் மீண்டும் தட்டச்சு செய்தேன்.

எங்கே தவறினேன் என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. வலையமைப்பில் எழுத்துகள் போவதில்லை; 0 முதல் 255 வரையிலான எண்களே போகின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 5 பைட்தான். ஆனால் பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் அம்மா இல்லை. ஒருங்குறியின் யுடிஎஃப் 8 முறையில் அதே சொல்லுக்கு 15 பைட். மூன்று மடங்கு இடம் பிடித்தாலும், அது தமிழ் என்ற செய்தி அந்த எண்களிலேயே இருக்கிறது. 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த முறை இது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

நான் எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த அட்டவணையில் தமிழே கிடையாது. அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. இப்படிப் போனவை திரும்பி வராது. 'சிஎஸ்வி யுடிஎஃப் 8' என்று தனியாக ஒன்று அதே பட்டியலில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

சில நேரம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையாக வந்து பயமுறுத்தும். அதற்குப் பதற வேண்டாம். எண்கள் பத்திரமாகவே உள்ளன, வேறு அட்டவணையால் படிக்கப்படுகின்றன. சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப் 8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் பெயர்கள் வந்துவிடும்.

பட்டியலைப் படமெடுத்து அனுப்பலாமே என்பார்கள். கண்ணுக்குத் தெரியும், ஆனால் அகர வரிசைப்படுத்த முடியாது, யாரோ ஒருவர் மறுபடி அடிக்க வேண்டும். சிஎஸ்வியிலும் ஒரு சிக்கல் உண்டு: '12, பள்ளிக்கூடத் தெரு' என்ற முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் காற்புள்ளியில் உடைந்து இரண்டு கட்டங்களாகிவிடும்.

இதை வகுப்பில் விளையாட்டாக்கினேன். 'தமிழ்' என்ற சொல்லின் 15 எண்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். அட்டவணையைப் பார்த்துச் சரியாகப் படித்துவிட்டார்கள். "மூணு எழுத்துக்குப் பதினஞ்சு எண்ணா சார்?" என்றான் ஒருவன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டினேன். அடுத்து, சொல்லாமல் ஓர் இந்திச் சொல்லின் எண்களை அனுப்பினேன். அட்டவணையைத் தொடாமலே ஒரு மாணவி எழுந்தாள்: "சார், இது தமிழ் இல்ல. நமக்கு 224க்கு அப்புறம் 174 இல்லேன்னா 175தான் வரும். இதுல 164 இருக்கு."