லொடலொடக்கும் கியர் ராடு... அப்பாவின் ஹெரால்டை காயலான் கடைக்கு அனுப்பும் முன் இதைப் பாருங்க!

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடம் நெருங்கினாலே கார் வாசம்தான். ரெனோ ஆலை, உதிரிபாகக் கம்பெனிகள், ஷிஃப்ட் பஸ்கள். ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு போன்ற கிராமங்களில்கூட கார் பாகங்களின் பெயர் தெரியாத வீடு இருக்காது.

ஆனால், இதே சாலையின் மறுமுனையில், வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் ஒரு காலத்தில் முழு கார்களே தயாராகி வெளியே வந்தன என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அங்கிருந்து 1961-ல் வெளிவந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல முடியாது. ஆனால் சொந்தம் உண்டு. இங்கிலாந்தில் இதன் சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டியரிங் கியரோடு ஓடிய நாளில், ஹெரால்டில் கியர் ராடு தரையில் இருந்தது. அந்தக் குட்டி ராடைப் பிடித்து ஓட்டியவர்களுக்கு அதுவே ஒரு கெத்து!

இன்று மிச்சமிருக்கும் ஹெரால்டுகளில் அதிகம் தொல்லை தருவதும் அந்த ராடுதான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'கிர்ர்ர்' என்று அதிரும். இரண்டாவது கியரைத் தேடினால் நான்காவது மாட்டும். நியூட்ரலில் கஞ்சிக்குள் கரண்டி விட்டது போல ஆடும். உடனே, "கியர் பாக்ஸ் போச்சு, வேற கிடைக்காது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அத்தோடு வண்டி தார்ப்பாய்க்குள் போய்விடும். சில வண்டிகள் அங்கிருந்து நேராக காயலான் கடைக்கு.

அவசரப்படத் தேவையில்லை.

இந்த வண்டியில் கியர் ராடு நேராக கியர் பாக்ஸுக்குள் இறங்குவதில்லை. கியர் பாக்ஸ் முன்னால் இருக்கிறது, ஓட்டுநரின் கை பின்னால் இருக்கிறது. இரண்டையும் ஒரு தண்டு இணைக்கிறது. தண்டின் இணைப்புகளில் சின்னச் சின்ன புஷ்கள். ஐம்பது அறுபது வருடத்தில் அந்த புஷ்கள் தேய்ந்து, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிடும். ராடின் மேல் பகுதி கீழ்ப்பகுதியைவிட ஐந்து மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 1 மில்லிமீட்டர் தேய்ந்தால், மேலே கைப்பிடியில் 5 மில்லிமீட்டர் ஆடும். இணைப்பு ஒன்றுக்கு மேல் என்றால் ஆட்டமும் கூடிக்கொண்டே போகும்.

எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ராடை லேசாகப் பிடிக்கட்டும். சத்தம் நின்றால் முதல் சந்தேகம் புஷ் மேல்தான். அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். ஹெரால்டில் ஹைட்ராலிக் கிளட்ச் என்பதால் ஆயில் கசிவையும், பைப்பில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இன்னொன்று, இந்த வண்டியின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது அதைத் திணித்தால் அலறத்தான் செய்யும். அது பழுதில்லை, சுபாவம்!

புஷ்தான் என்று முடிவானால், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. இன்ஜின் முழுதாக ஆறட்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சீட், தரைவிரிப்பு, நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் மூடி ஆகியவற்றை எடுத்தால் எல்லாம் காருக்குள்ளிருந்தே கைக்கு எட்டும். மூடி கெட்டி அட்டை மாதிரியானது, நெம்பினால் கிழிந்துவிடும். பொறுமை முக்கியம். கழற்றும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

வண்டலூர் ஆலை 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை நம்பி இறங்கி, அது விலைபோகாமல், 1988-ல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கம்பெனி உதிரிபாகத்துக்கு வழியில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ரசிகர்களுக்காக இன்னும் புஷ் செட் செய்கிறார்கள். வாங்கும்முன் பழைய புஷ்ஷை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், தேயாத பக்கத்தை அளந்து கொடுத்தால் நல்ல லேத் பட்டறையில் நைலானிலோ டெல்ரினிலோ கடைந்து தருவார்கள். 'பித்தளை போட்டா ஆயுசுக்கும் போதும்' என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கியர் பாக்ஸின் அதிர்வு முழுக்க உள்ளங்கைக்கு வந்துவிடும்.

பொருத்தும்போது லேசாக கிரீஸ். நட்டை முறுக்கியபின் இணைப்பு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. மூடியைப் போடுவதற்கு முன்பே நான்கு கியரும் ரிவர்ஸும் முழுதாக விழுகின்றனவா என்று பாருங்கள். மூடியும் தரைவிரிப்பும் ராடை இடித்தாலும் கியர் பாதியில் நின்று, ஓடும்போது துள்ளி வெளியே வரும். எல்லாம் மாற்றியும் துள்ளுகிறது என்றால்தான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை, ஹெரால்டைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்கின் வேலை. அப்படிப்பட்டவர்கள் வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒரு இளைஞரையும் நிறுத்திக்கொண்டு.