டுரியான் தராசில் ஏறிய ரிம்

பத்துமலையிலிருந்து உலு யாம் வழியாகப் பத்தாங்காலிக்குப் போகும் மலைச்சாலை வளைவுகளுக்குப் பேர்போனது. ஞாயிறு விடியலில் அங்கே நின்றால், பனி விலகுமுன்னே மைவியும் சத்ரியாவும் பழைய சிவிக்கும் வரிசையாக வரும். கார்களைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இளைஞர்கள் எஞ்சின், டயர், ரிம் என்று பேச ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை ஓயாது.

டுரியான் பருவத்தில் ஒரு நாள், உலு யாம் பக்கம் ஒரு பழக்கடை ஓரத்தில் இரண்டு ரிம்களை வைத்துக்கொண்டு மூன்று பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று புத்தம்புதியது: 17 அங்குலம், வெண்கல நிறம், புகழ்பெற்ற ஜப்பான் ரிம்மை அப்படியே உரித்து வைத்த தோற்றம். மற்றொன்று 15 அங்குலம், சிராய்ப்பும் சாயம் போன விளிம்புமாக ஒரு பழசு. பத்தாங்காலியில் ஒருவர் நான்கு வைத்திருக்கிறாராம், மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். செப்பாங்கில் முதல்முறை ஓட்டப் போகும் ஈகே சிவிக் தம்பிக்கு எதை வாங்குவது என்பதுதான் வழக்கு.

“எது லேசு?” என்று கேட்டேன். மூவரும் புதியதைக் காட்டினார்கள்.

“அண்ணே, அந்தத் தராச ஒரு நிமிஷம் குடுங்க” என்று பழக்காரரிடம் கேட்டு வாங்கி, கொக்கியில் மாட்டினோம். புதியது 10 கிலோவைத் தாண்டியது. பழையது 5 கிலோவில் நின்றது. தம்பி கொக்கியிலிருந்து கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தார். முள் அதே இடத்தில்தான் நின்றது.

காலில் ஒட்டிய சேறு

மழைக்காலத்தில் மேட்டுக்காட்டில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். தோளில் ஒரு கிலோ கூடுவது வேறு, பூட்ஸில் ஒரு கிலோ சேறு ஒட்டுவது வேறு. தோளில் உள்ளதைச் சுமந்தால் போதும். காலில் உள்ளதை ஒவ்வோர் அடிக்கும் தூக்கவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். காருக்கு ரிம்மும் டயரும்தான் பூட்ஸ்.

ஓடும் கார் முன்னே போகிறது. சக்கரமோ முன்னே போவதோடு சுழலவும் செய்கிறது. ஆகவே எஞ்சின் அதை இரண்டு வகையில் முடுக்க வேண்டியிருக்கிறது, பிரேக் இரண்டு வகையில் அடக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிட வேண்டும். ‘ரிம்மில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்துக் கிலோ குறைத்த மாதிரி’ என்று டயர் கடைகளில் சொல்வார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சக்கரத்தின் வெளிவிளிம்பில், தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் எடைகூட இரு மடங்காகத்தான் கணக்கில் வரும். ரிம் அதற்கும் உள்ளே இருப்பதால் ஒரு கிலோ, ஒன்றேகால் அல்லது ஒன்றரைக் கிலோவாக நடந்துகொள்ளும். நான்கு ரிம்மில் 20 கிலோ குறைந்தால், முடுக்கத்தில் 25, 30 கிலோ குறைந்த பலன். ஒரு டன் எடையுள்ள காருக்கு நல்ல லாபம்தான், மாயமில்லை.

உண்மையான பலன் வளைவில் தெரிகிறது. ரிம், டயர், பிரேக் இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம். அது குறையக் குறைய, மேடு பள்ளத்தில் ஏறிய சக்கரம் சட்டென்று தரைக்குத் திரும்பும். செப்பாங்கில் வளைவோர கெர்ப்பில் ஏறி இறங்கும்போது டயர் எவ்வளவு நேரம் தரையை விட்டுப் பிரிந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் பிடிப்பு இல்லை. லேசான ரிம் அந்த நேரத்தைக் குறைக்கிறது.

எடைக்குறைப்பையே வேதமாகக் கொண்ட லோட்டஸ் நிறுவனம் 1996 முதல் 2017 வரை நம் புரோட்டோன் கையில் இருந்தது. சத்ரியா ஜிடிஐயின் பின்புறத்தில் லோட்டஸ் பெயர் ஒட்டியிருந்ததை இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்த நாம், ரிம்மைத் தராசில் வைக்காமல் வாங்கலாமா?

வார்த்ததும் அடித்ததும்

மலிவான ரிம் பெரும்பாலும் வார்ப்பு. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி ஆறவிடுவார்கள். உள்ளே நுண்ணிய குமிழிகள் தங்கக்கூடும். அதனால் பலத்துக்காகக் கனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த வகை, வார்த்த ரிம்மின் வெளிவளையத்தைச் சூட்டோடு சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டியது. உலோகம் இறுகுவதால் வளையத்தை மெல்லிசாக்கலாம். என்கை நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 இந்த வகை. 15 அங்குலம், 7 அங்குல அகலத்தில் நாலரைக் கிலோவுக்கும் குறைவு. விலைக்கும் எடைக்கும் நடுவே நல்ல சமரசம் இது.

மூன்றாவது, திட அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ரிம். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளை யாரும் வார்த்துச் செய்வதில்லை, அடித்துத்தான் செய்வார்கள். அதே காரணம்தான் இங்கும். ரேய்ஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 இந்த வகையின் அடையாளச் சின்னம். பெயரில் உள்ள 37, அதன் 15 அங்குல ரிம்மின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. புதிதாக வாங்கினால் நம்மில் பலருடைய சம்பளத்தை விழுங்கிவிடும்.

குறைந்த செலவில் குறைந்த எடை

எடை குறைக்க மிக மலிவான வழி, அளவைக் குறைப்பது. செப்பாங் ஓட்டத்திடல் திறந்த 1999 முதல் 2017 வரை அங்கே ஓடிய ஃபார்முலா 1 கார்கள் எல்லாம் 13 அங்குல ரிம்மில்தான் பறந்தன. 18 அங்குலத்துக்கு அந்தப் பந்தயம் மாறியது 2022இல்தான். பிரேக் காலிப்பர் இடிக்காத சின்ன அளவு எதுவோ, அதுவே உங்கள் அளவு. ஈகே சிவிக் போன்ற காருக்கு 15 அங்குலம் தாராளம். டயர் விலையும் இறங்கும். திடலில் டயர் கரைகிற வேகத்துக்கு அந்த மிச்சம் ஆண்டு முழுதும் கைகொடுக்கும்.

அடுத்த வழி, பழைய ஜப்பான் கார்களின் உதிரிபாகம் விற்கும் ஹாப்-கட் கடைகளில் கிடைக்கும் ரிம். அசல் பழசு, நகல் புதுசைவிட மேல். பிலிப்பீன்ஸின் ரோட்டா போலத் தன் பெயரிலேயே விற்கும் மலிவு ரிம்மும் உண்டு. என் கோபம் எல்லாம் வேறொருவர் பெயரை ஒட்டி வரும் போலியின் மீதுதான். செய்தவன் யார், சோதித்தவன் யார் என்று கேட்க முகவரியே இல்லாத பொருளை நம்பி 180 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதிக்கிறோம்.

ரிம்மின் உடம்பில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற பொறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னது ஜப்பானின் தரத்துக்குச் செய்ததாகத் தயாரிப்பாளர் தரும் உறுதி. பின்னது வெளியார் சோதனையில் தேறியதன் அடையாளம். இதையும் போலியாகப் பொறிக்க முடியும். எனவே பொறிப்பு, எடை, விற்பவரின் நாணயம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடை ஒன்றே இலக்கணமும் அல்ல. 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ராலி அரங்கின் தயாரிப்புக் கார் பிரிவில் வாகை சூடினார் நம் கரம்ஜித் சிங். கல்லும் மண்ணுமான ராலிப் பாதைக்குத் தடித்த ரிம் வேண்டும். வழவழப்பான திடலுக்கு லேசானது போதும்.

பொருந்துமா?

போல்ட் வட்டம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஈகே சிவிக்குக்கு 4 துளை, 100 மில்லிமீட்டர். அதோடு ஆஃப்செட்டையும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 6 அங்குல அகலம், 45 ஆஃப்செட் இருந்த இடத்தில் 7 அங்குலம், 35 ஆஃப்செட் போட்டால், ரிம் விளிம்பு ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். மட்கார்டு டயரைச் சீவிவிடும்.

நடுத்துளை ஹோண்டாவுக்கு 56.1 மில்லிமீட்டர். கடை ரிம்மில் அது பெரிதாக இருந்தால் நடுவளையம் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஆடும். பலர் கோட்டை விடுவது நட்டில். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம், கடை ரிம்மோ பெரும்பாலும் கூம்பு முகம். உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஓரிழையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய நட்டு வாங்குங்கள், இரும்பிலேயே வாங்குங்கள். டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். திடலில் ஒவ்வொரு சுற்றோட்டத்துக்குப் பிறகும், சூடு ஆறியதும் மறுபடி சோதியுங்கள்.

சாக்குப் பொடி சொன்ன உண்மை

அடுத்த வாரம் அந்தத் தம்பியோடு பத்தாங்காலிக்குப் போனேன். நான்கு ரிம்மும் கழுவிப் பளபளவென்று இருந்தன. உட்புறம் ஸ்போக் வளையத்தோடு சேரும் இடங்களில் மண்ணெண்ணெய் தடவி, சற்று விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்குப் பொடி தூவினோம். பழைய பட்டறைக்காரர்களின் முறை இது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே வந்து பொடியை நனைக்கும்.

மூன்று ரிம்மில் பொடி வெள்ளையாகவே இருந்தது. நான்காவதில், ஒரு ஸ்போக்கின் அடியில், தலைமுடி கனத்தில் ஒரு கறுத்த கோடு. விரலைவிட நீளம் இல்லை. வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. 900 மீட்டருக்கு மேல் நேராக ஓடி வளைவுக்கு முன் முழுப் பலத்தோடு பிரேக் பிடிக்கிற செப்பாங்கில், அந்தக் கோடு எத்தனை சுற்றுக்குத் தாங்கியிருக்கும்?

“வெல்டு வச்சிக்கலாம், தம்பி” என்றார் விற்பவர். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு வந்துவிட்டோம். திடலுக்குப் போகும் ரிம்மில் வெல்டு வைக்கவே கூடாது.

கையில் மிஞ்சிய வெள்ளியில் தம்பி நல்ல டயர் வாங்கினார், பிரேக் பேட் மாற்றினார், பிரேக் எண்ணெயைப் புதிதாக ஊற்றினார். முதல் திடல் நாளைக் கம்பெனி ரிம்மிலேயே ஓட்டி முடித்தார். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். உலு யாம் சாலையில் சோதித்துப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிட்டார். அந்த வளைவுகளுக்கு அப்பால் வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரில் எதிரே வருவார்கள், பிள்ளைகளை ஏற்றிய வேன் வரும். திடலில் ஓட்டுகிறவன் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறான். இங்கே அடுத்தவன் உயிரும் சேர்ந்துவிடும்.

லேசான ரிம்மை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கார் பூட்டில் இப்போது ஒரு தொங்கு தராசும், ஒரு டப்பா சாக்குப் பொடியும் இருக்கின்றன.